மண்ணிப்பு

மும்மொழியிலும் வந்தது கடிதம்.
தமிழ்ப் பக்கம் வழக்கம்போல் கடைசியில்.
அதில் மூன்று இடத்தில்
மன்னிப்பை மண்ணிப்பு என்று அடித்திருந்தார்கள்.
மாளிகாகந்தை நீதவான் மன்றப் பதிவறையில்
பதினாறு வருஷம் பிழை பார்த்த கை
சிவப்புப் பேனாவைத் தேடிற்று.
பிறகு விட்டுவிட்டேன்.
மண்ணுக்குள் கிடக்கிற சவரியப்பனைப் பற்றி
அந்தக் கடிதம் முழுக்க
அந்தப் பிழை ஒன்றுதான் பேசியது.

ஜனாதிபதி கையொப்பம் நீலத்தில்,
வால் நீண்டு
விளிம்புக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.
கூடவே சிறைச்சாலையின் அரைப்பக்கக் கேள்வி:
இவருக்கு எதிராக உங்கள் மன்றத்தில்
வேறேதும் வழக்கு உண்டா?
இல்லை என்று எழுதுவதுதான் வழக்கம்.
யாரும் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பதில்லை.

ஏறினேன்.

கொலை வழக்கு புதுக்கடையில் முடிந்தது.
தூக்கு என்று எழுதி
ஆயுள் என்று வாசிக்கிற நாடு இது.
அதைத்தான் கடிதம் துடைத்தது.
ஆனால் அன்றிரவு பத்திரகே ஓட்டிவந்த வேனுக்குப்
போலி இலக்கத் தகடு.
கிராண்ட்பாஸில் அடித்தது, எண்ணூறு ரூபாய்க்கு.
அது தனியாக, சின்னதாக
எங்கள் மேல்தட்டில் இருந்தது.
ஓரம் கரையான் தின்றிருந்தாலும்
இலக்கம் மிச்சம்: பி 2716.

ஐம்பத்து மூன்று தவணை.
எதிரியைக் கொண்டுவர பஸ் இல்லை.
சாட்சிப் பொலிஸ்காரர் மாற்றலாகி அம்பாறையில்.
டெங்கு. வெள்ளம். முகக்கவசம்.
பெற்றோல் வரிசையில் அரச சட்டத்தரணி.
ஒவ்வொரு தவணைக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து
புளோரன்ஸ் வந்தாள்.
ஒவ்வொரு முறையும் பின்வாங்கில் இருந்து
அடுத்த தேதியைப் பழைய காஸ் ரசீதில் எழுதிக்கொண்டு போனாள்.
"இது முடியவே முடியாதா சேர்?"
அவளோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன்,
இந்த ஆமைக் கட்டடத்தை.

முடிந்திருந்தால்
அந்த நீல வால் இதையும் தொட்டிருக்கும்.
தீர்ப்பு விழுந்த தலையைத்தான்
அந்தக் கை தடவலாம்.
தீர்ப்பே இல்லாத இடத்தில்
மன்னிக்க என்ன இருக்கிறது?
இன்னொரு விஷயம்:
ஆயுள் கைதிதானே என்று
இந்தச் சின்ன வழக்கில் பிணை கேட்க
அவன் ஆட்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.
விளக்கமறியல் உத்தரவு
பதினொரு வருஷமாகக் கண் மூடாமல் இருந்திருக்கிறது.

எழுதினேன்: ஆம். ஒன்று உண்டு.
முத்திரை குத்தும்போது மை காய்ந்திருந்தது.
நாக்கில் தொட்டு இன்னொருமுறை குத்தினேன்.

வெலிக்கடை வாசலில் அன்று காலையிலிருந்தே
பாற்சோறு, வெடிக்கட்டு,
மாமா அனுப்பிய கறுப்பு ஜீப்.
பதினொரு மணிக்குச் சின்னக் கதவு திறந்து
ஒரு ஜெயிலர் மட்டும் வெளியே வந்து
ஏதோ சொன்னாராம்.
கூட்டத்துக்கு முதலில் விளங்கவில்லையாம்.
யாரோ ஒருத்தன் அதற்குள் வெடியைக் கொளுத்திவிட்டான்;
அது பாட்டுக்கு
பேஸ்லைன் வீதி முழுக்க வெடித்து முடிந்தது.

எனக்குத் தெரியும்.
நாளை ஒரு சட்டத்தரணி பிணைக்கு வருவான்.
சட்டமா அதிபரிடமிருந்து இரண்டு வரி வந்தால்
பி 2716 உம் போய்விடும்.
எண்ணூறு ரூபாய்த் தகடு
எத்தனை நாள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

மாலையில் புளோரன்ஸுக்கு எடுத்தேன்.
கடிதம் வந்ததே அவளுக்குத் தெரியாது.
"மன்னிச்சாங்களா? யாரு?
என்கிட்ட யாரும் கேக்கலையே."
மின்விசிறிச் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம்.
"இந்தத் தகடு வழக்குக்கு எவ்வளவு கிடைக்கும்?"
கூடிப்போனால் இரண்டு வருஷம் என்றேன்.
"சவரிக்கா, தகட்டுக்கா?"
நான் பதில் சொல்லவில்லை.
ஏதோ இழுப்பறை திறந்தது அந்தப் பக்கம்,
பேனாவை உதறும் சத்தம்.
"சரி, தேதியச் சொல்லுங்க."