பஞ்சிகாவத்தையில் ஒரு முழங்கால்

நுமாட்டா இசாவோ, வயது ஐம்பத்து மூன்று.
நோட்டீஸில் நாற்பத்தைந்து.
ரிங்கில் பெயர் வடகடல் நண்டு.
கட்டுநாயக்காவில் ஏற்றி, சாவியைத் திருப்பியதும்
என் வான் வழக்கம்போல
ஜப்பான் பெண்குரலில் சொன்னது:
"அட்டை செருகப்படவில்லை."
பதினொரு வருசமாய்ச் சொல்கிறாள்.
இந்த நாட்டில் அந்த அட்டையே கிடையாது.
அவர் தலைகுனிந்து
மன்னிப்புக் கேட்டார் அவளிடம்.

யொகொஹாமாவில் ஆறு வருசம் கார் கழற்றியவன் நான்.
என் ஜப்பான் மொழியில் பாதி
நட்டும் போல்ட்டும்.
அது போதுமாயிருந்தது
ஆமர் வீதி நெரிசலில் அவர் சொன்ன கணக்குக்கு:
இருபத்தொன்பது வருசம்,
நாலாயிரத்துச் சொச்சம் ஆட்டம்,
வென்றது...
பத்து விரலும் விரித்து
யோசித்து
ஒரு கையை மடக்கிக்கொண்டார்.
தோற்பதற்குத்தான் சம்பளம்.
புதுப் பையன் பெரியவனாய்த் தெரிய
ஒருவன் விழவேண்டும்,
முழு முதுகும் பலகையில் பட,
கடைசி வரிசைக்கும் கேட்க.
"சத்தம் கூடினால் வலி குறைவு."
நான் நம்பவில்லை.

பஞ்சிகாவத்தையில் நிறுத்தச் சொன்னார்.
கடை கடையாய்க் கழற்றிய ஜப்பான்:
கதவு, கியர்பெட்டி, கம்பியில் தொங்கும் பம்பர்கள்.
ஒரு ரேடியேட்டரின் கிரீஸைத் துடைத்து
தன் ஊர்ப் பெயரை வாசித்தார்.
பிறகு ஃபாரிஸ் நானாவிடம் கேட்கச் சொன்னார்,
வலது முழங்கால் ஒன்று இருக்குமா,
பாவித்தது என்றாலும் பரவாயில்லை.
நானா சிரிக்கவில்லை.
மேலும் கீழும் பார்த்தார்.
"எத்தனையாம் ஆண்டு மொடல்?"
எழுபத்தொன்று.
"அதுக்கு இப்ப சாமான் வாறதில்லையே."
மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

இரவு, சுகததாச உள்ளரங்கம்.
வத்தளைப் பையன் துலாஜ்,
மூன்றே மாதப் பயிற்சி, தோள் நடுங்க
அவரைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான்.
தூக்கிய பிறகு போடத் தெரியவில்லை.
அரங்கம் எழுந்து நிற்கிறது.
தண்ணீர்ப் போத்தலோடு மூலையில் நின்ற எனக்கு
முகமூடிக்குள்ளிருந்து கேட்டது:
"ஓராய். ஓராய்."
விழுந்தார்.
கூரைத் தகரம் அதிர்ந்தது.
எக்காய், தெக்காய், துனாய்.
பையனைத் தோளில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

உடுப்பு மாற்றுமிடத்தில் துலாஜ் கேட்டான்,
அவர் மேலேயிருந்து என்னவோ சொன்னாரே, திட்டினாரா?
இல்லை, என்றேன்.
சங்கிலியில் எஞ்சின் தொங்கும்போது
கீழே நிற்பவன் சொல்வது அது.
இறக்கு,
நான் பிடிக்கிறேன்.

நண்டு பக்கத்து வாங்கில்
ஐஸ் பையைக் காலில் கட்டியபடி
கொத்துரொட்டிக்குக் காத்திருந்தது.