அடிவானம்

என் வேலை கமராவைப் பிடிப்பது.
வெட்டுவதில்லை, தைப்பதில்லை.
பொறளையில், பிள்ளைகளின் தியேட்டரில்,
பென்சில் பருமனில் ஒரு குழாயை
அசையாமல் வைத்திருப்பது.

மேசையில் லக்சயன். இரண்டு வயது, நாலு மாதம்.
மட்டக்குளி.
விதைப்பை இரண்டும் வெறுமையாய்ப் பிறந்தவன்.
ஸ்கான் மூன்று தரம் தேடிவிட்டு
"காணப்படவில்லை" என்று எழுதிய தாளை
அவன் அம்மா பால்மாப் பையொன்றில்
நாலாய் மடித்து வைத்திருக்கிறாள்.

நுனியில் ஆவி படியாதிருக்க
லென்ஸைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்தேன்.
கொப்பூழில் ஒரு கீறல்,
ஒரு சோற்றுப் பருக்கை நீளம்.
காற்று உள்ளே போக
வயிறு மெல்லக் கூடாரமாய் எழுந்தது.
அம்மாவோடு கட்டியிருந்த அந்த வாசலாலேயே
நாங்களும் போனோம்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு.

உள்ளே எல்லாம் ஈரமாய் மினுங்கியது.
ஈரலின் ஓரம், புரண்டு படுக்கும் குடல்,
மூச்சுக்கு மூச்சு ஏறியிறங்கும் மஞ்சள் கொழுப்பு.
"நங்கி, அடிவானம்" என்றார் மெடம்.
படம் சரிந்திருந்தது.
காலிமுகத்தில் கடலைப் படமெடுக்கும்
பொடியன்களுக்குக்கூட இவ்வளவு கோணல் வராது.
நேராக்கினேன்.

அப்போதுதான் தெரிந்தது.

சிறுநீர்ப்பைக்குப் பின்னால்,
இருக்கவேண்டிய இடத்தில்தான்,
இருக்கக்கூடாத ஆளில்,
என் சின்னவிரல் நுனியளவு
ஒரு கருப்பை.
அதன் இரு பக்கமும் நீண்ட குழாய்களின் அருகே
நாங்கள் தேடிவந்த விதைகள் இரண்டும்,
ஒளித்து விளையாடி அகப்பட்டவை போல.

ஒருவரும் பேசவில்லை.
மயக்க மெஷின் மட்டும்
தன் எண்ணிக்கையை விடவில்லை.
"இருபத்தாறு வருஷத்தில் இது இரண்டாவது"
என்றார் மெடம், முகமூடிக்குள்.
எதையும் அகற்றவில்லை.
கடுகளவு இரண்டு துண்டு, பரிசோதனைக்கு.
படங்கள் ஆறு.
காற்றை விடு. மூடு.

பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே
"நீ போய்ச் சொல்லு, உங்கட பாஷையில்."

எங்கட பாஷையில்.
படித்ததெல்லாம் இங்கிலீசில்.
ஏசுவதற்கும் அழுவதற்கும்தான்
தமிழ் வைத்திருந்தேன்.
வாட்டுக்குப் போகும் படிகளில்
"குறை" என்ற சொல்லை எடுத்தேன், வைத்தேன்.
"கோளாறு", அது கிரகங்களுக்கு இருக்கட்டும்.
"அபூர்வம்" நகைக்கடை விளம்பரம் போலிருந்தது.
வாசலில் எல்லாவற்றையும் விட்டேன்.

சொன்னது இதுதான்:
அம்மா, வயிற்றில் உருவாகும்போது
எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு பாதையும் போட்டிருக்கும்.
ஆண் என்றால் ஒன்று கரைய வேணும்.
கரைந்துபோ என்று ஒரு சேதி போகும்.
இவனுக்கு அது போய்ச் சேரவில்லை.
பொடியன்தான், பெரும்பாலும். ரத்தம் அனுப்பியிருக்கிறோம்.

சசிரேகா அழவில்லை.
"நான் போட்ட காய்ச்சல் குளிசையாலயா?"
இல்லை.
"துறைமுகப் புகையாலயா?"
இல்லை.
"அப்ப ஆரால?"
ஆராலும் இல்லை என்பதற்கு
எனக்கு மூன்று வாக்கியம் தேவைப்பட்டது.
மூன்றையும் அவள் நம்பவில்லை.

தவநேசன் கப்பலில் கொள்கலன் கட்டுகிறவன்.
இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தான்,
நகங்களில் கிறீஸ்.
"லிஸ்டில இல்லாத பெட்டி சிலநேரம் வரும், மிஸ்.
கடலில தள்ளமாட்டம்.
நம்பரை எழுதி ஒரு பக்கமா வைப்பம்."
எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே வெட்கமும்.
"என்ர பிள்ளை பெட்டியில்லை" என்று
அவன் தொடையில் கிள்ளினாள்.

லக்சயன் கண்விழித்து யோகட் கேட்டான்.
இப்போது தரக்கூடாது.
பிளாஸ்டரைப் பிய்க்கப்போன கையை
அவள் பொத்திக்கொண்டாள்.
"ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதைங்கோ."
கொஞ்சம் பொறுத்து,
"அவனுக்கு எப்ப சொல்றது?"

முதலாவதற்குத் தலையாட்டினேன்.
பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.
இரண்டாவதை மெடத்திடம் கொண்டுபோனேன்.
சிங்களத்திலும் அதற்கு
அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.