மூன்று வெள்ளிச் சாவி

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி.
வியாழன் காலை, திடலின் ஓரத்தில்
'டங்'.
நின்றுவிட்டது மெஷின்.

கூடாரம் போட வேண்டும்,
இந்த வருஷம் கால்வாய் வரைக்கும் வெட்டுங்கள்
என்றிருந்தார் தலைமையாசிரியை.
அந்தப் பக்கம் யாரும் போனதில்லை,
லாலானும் நத்தையும் தவிர.
முன்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி இறக்கிப்
பாதி தூரம் வந்திருந்தேன்.

கயிற்றை இழுத்தேன்.
இழுத்த கயிற்றை அது திருப்பி இழுத்தது.
விரல் மூட்டில் ஓர் அறை,
புகைக்குழாயில் ஒரு தும்மல்,
அப்புறம் ஒன்றுமில்லை.

செம்பனைக் குலை ஏற்றிய லாரியை
வேலியோரம் நிறுத்தினார் வீட்டுக்காரர்.
"எடைக்குப் போட்டுடு பொற்கொடி,
இரும்பு விலை ஏறியிருக்கு."
பள்ளிக்கூடம், கோயில், கிளினிக், இடுகாடு,
ஒரு தடவை வெட்டினால் நூற்றிருபது வெள்ளி.
லாரியின் தவணை எதிலிருந்து போகிறதென்று
நான் கேட்கவில்லை.
லாரி போனது.

மண்டப நிழலுக்குத் தள்ளிப் போனேன்.
பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்,
நுனி நல்ல காப்பி நிறம்.
உடம்போடு ஒட்டிவைத்து இழுத்தால்
நீலமாய் ஒரு பொறி. குற்றமில்லை.
பெட்ரோல் முந்தாநாள் வாங்கியது.
இருந்தும் கார்பரேட்டர் கிண்ணத்தை
மைலோ டின் மூடியில் கவிழ்த்தேன்.
கடுகளவு தண்ணீர்
அடியில் உருண்டு ஓடியது.
நீதானா, என்றேன்.
துடைத்து மாட்டி இழுத்தேன்.
மறுபடி அறை.
அது இல்லை.
வடிகட்டியைத் தட்டினேன்,
போன தீபாவளித் தூசி கொஞ்சம் வந்தது.
அதுவும் இல்லை.

காற்று இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது,
நெருப்பும் இருக்கிறது,
ஆனால் வேளை தவறி வருகிறது.

பிளக்கின் தொப்பியைப் பிடுங்கினேன்.
அதைப் பிடுங்காமல் அடியில் கை விடுகிறவர்களுக்குப்
பத்து விரல் அதிகப்படி.
கார்பரேட்டர் மேலே இருக்கும்படி சாய்த்தேன்,
ஆயில் போய் வடிகட்டியில் குடியேறாதபடி.
அடியெங்கும் தோசை தோசையாய்ப் பச்சை.
சுரண்டினால்,
கோபித்துக்கொண்டவர் முகம்போல்
ஒரு பக்கம் திரும்பியிருந்தது பிளேடு.

நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய்க்
காலால் துழாவினேன்.
சேற்றில் பாதி முங்கி
இரும்புக் குண்டு.
போன வருஷம் மஞ்சள் இல்லத்துப் பையன் எறிந்து,
கோட்டைத் தாண்டி உருண்டு,
எங்கே போனதென்று யாருக்கும் தெரியாத குண்டு.
'காணவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக்
குணாளன் வாத்தியாரிடம்
அறுபத்தைந்து வெள்ளி வாங்கிக்கொண்டார்கள்.

ஆ கியாட் கடையில் இழுப்பானை இரவல் வாங்கி
மேல்சக்கரத்தைக் கிளப்பினேன்.
அச்சில் ஒரு பள்ளம்,
சக்கரத்தில் ஒரு பள்ளம்,
இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.
நடுவில் இருந்த சாவி
வெட்டுப்பட்டு இரண்டாய்.

எந்தப் பூட்டையும் திறக்காத சாவி.
நகத்தளவு.
வேண்டுமென்றே மெதுவாய் வார்த்த உலோகம்,
அடி பலமாய் விழுந்தால்
அச்சுக்கு முன்னால் தான் உடைவதற்கு.
விலை மூன்று வெள்ளி.
என் வீட்டில் இத்தனை நாள்
எது உடைந்து எது வளையாமல் இருந்ததென்று
கணக்குப் பார்க்கத் தோன்றியது.
பார்க்கவில்லை. புல் பாதி நிற்கிறது.
சாவி மூன்றாக வாங்கினேன்.

புதுப் பிளேடை ஆணியில் தொங்கவிட்டு
இரண்டு கையும் சமமா என்று பார்த்தேன்.
மாட்டி, முறுக்கி, இழுத்தேன்.
ஒரே இழுப்பு.
கால்வாய்க் கொக்குகள் எழுந்தன.

குண்டைக் குழாயில் கழுவினார் குணாளன் வாத்தியார்.
பிளேடு போட்ட தழும்பில் விரல் வைத்தார்.
அறுபத்தைந்து வெள்ளியைப் பற்றி
அவரும் பேசவில்லை, ஆபீசும் பேசவில்லை.

சனிக்கிழமை அந்தப் பையனின் தங்கை எறிந்தாள்.
விழுந்த இடம் எல்லோருக்கும் தெரிந்தது.
மீதிச் சாவி இரண்டும் என் பர்ஸில்,
வீட்டுச் சாவியோடு உரசிக்கொண்டு.