இசட்

ஒட்டாவா. முப்பத்தெட்டு, டிசம்பர்.
குடியேற்றப் பிரிவு அப்போது
சுரங்கத் துறையின் கீழே இருந்தது.
நிக்கலுக்கும் தாமிரத்துக்கும் ஒரு மாடி,
மனிதர்களுக்கு அடுத்த மாடி.

வினிஃப்ரெட் ட்ராஸ்க்
ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் அடிப்பாள்.
வாசகம் மாறாது.
‘தற்போதைய விதிகளின்படி இயலாமைக்கு வருந்துகிறோம்.’
கண் ஜன்னலில் இருக்கும்,
விரல் வருந்திக்கொண்டிருக்கும்.
பெயர் வரும்போதுதான் தடுமாறும்.
இடக்கைச் சுண்டுவிரல், கீழ் வரிசை, ஓரத்தில்
இசட்.

அதுவரை ஜிங்க் என்று அடிக்க மட்டுமே
தேவைப்பட்ட எழுத்து.
இப்போது ஜெலிங்கா, ஜுக்கர்மான், ஜில்பர்ஷ்டைன்,
ஒரே காலையில் மூன்று ஜைலர்கள்.

(என் மொழியில் அந்த எழுத்தே இல்லை.
ஜ-வைக் கடன் வாங்கித்தான்
இவர்களை உள்ளே விடுகிறேன்.)

வியன்னாவிலிருந்து ஜெலிங்கா எழுதியிருந்தார்:
‘நான் கடிகாரம் பழுதுபார்ப்பவன்.
உங்கள் நாட்டில் விவசாயிக்கு இடமுண்டு என்றார்கள்.
மூன்று மாதமாகப் பால் கறக்கப் பழகுகிறேன்.
மனைவிக்கு மாடென்றால் பயம்.
அது சரியாகிவிடும்.’

கூடவே ஒரு புகைப்படம்.
டை கட்டிய மனிதர்,
பசுவின் கழுத்தில் கை வைத்தும் வைக்காமலும்.

‘நல்ல பசு’ என்றாள் பக்கத்து மேசை.
மேலதிகாரி ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
விவசாயி அல்ல.
வினிஃப்ரெட் அடித்தாள்.
அசல் வியன்னாவுக்கு, கார்பன் பிரதி கோப்புக்கு.
படத்தைத் திருப்பி அனுப்ப விதி ஏதுமில்லை.
பசு கனடாவிலேயே தங்கிவிட்டது.

ஏப்ரலில் மெக்கானிக் வந்தான்.
இசட்டின் இடுக்கில் உறைந்த மையை
குண்டூசியால் கிளறி எடுத்தபடி கேட்டான்,
‘என்னம்மா, தினமும் ஜூவுக்கா கடிதம் போடுகிறீர்கள்?’
அவள் சிரித்தாள்.
வெளியே கால்வாயில் பனிக்கட்டி விட்டுக்கொண்டிருந்தது.
அன்று மதியம் இன்னும் பதினெட்டு.

பிறகு போர்.
கடிதங்கள் சுற்றுவழியில் வந்தன,
லிஸ்பன் முத்திரை, ஷாங்காய் முத்திரை.
கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது,
தாளை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தாள்.
பிறகு அவையும் குறைந்தன.

நாற்பத்து மூன்றில், எந்த மாதம் என்று நினைவில்லை,
மை நாடா மாற்றும்போது பார்த்தாள்:
இசட்டின் மேல் தூசி.

உதடு குவித்து ஊதினாள்.
கீழ் மாடியிலிருந்து ஓர் அவசர அறிக்கை வந்திருந்தது.
சுண்டுவிரலை நீட்டி
ஜிங்க் என்று அடிக்கத் தொடங்கினாள்.
போருக்கு நிறைய வேண்டியிருந்தது.