நாலு பாயிண்ட் கணக்கு

பையர் ஆபீஸைக் காலி செய்தபோது
நாற்காலி கருணாம்பிகைக்குப் போனது,
டீ பிளாஸ்க் வாட்ச்மேனுக்கு.
யாரும் கேட்காத ஆர்க்கிட் எனக்கு.

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு
ஒரே ஜன்னல், அதுவும் மேற்கே.
ஐந்து இலை. பூ இல்லை.
பூத்து முடிந்த காம்பை மட்டும்
யாரோ ஊக்கு மாட்டி நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

பதினாறு வருசம் துணி பார்த்த கண் எனக்கு.
ட்யூப்லைட் மேலே ஓடுகிற துணியில்
ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை, விட்ட நூல்;
மூணு இஞ்சுக்குள் என்றால் ஒரு பாயிண்ட்,
ஒன்பதைத் தாண்டினால் நாலு.
இந்த இலை மொத்தமே ஆறு இஞ்ச்.
இதில் எதை அளக்க?

முதலில் நுனி தீய்ந்தது.
போர் தண்ணி.
குடத்தில் வெள்ளைக்கோடு விடும்,
சோப்பை நுரைக்க விடாது,
இலை பாவம் என்ன செய்யும்.
எட்டு நாளைக்கொருக்கா வரும் ஆற்றுத் தண்ணியில்
ஒரு கேன் அதற்கென்று ஒதுக்கினேன்.
அந்த வாரம் பருப்பு வேகவேயில்லை.

அப்புறம் நடு இலையில் வெளுத்த வட்டம்.
நாலுமணி வெயில்
இஸ்திரிப் பெட்டியை அங்கே மறந்து வைத்திருந்தது.
ரிஜெக்ட் ஆன பனியன் துணியை
ஜன்னலுக்குக் கட்டினேன்.

அப்புறம் இலைக்கணுவில் வெள்ளையாய்ப் பஞ்சு.
இதற்கு நான் பதறவில்லை.
எங்கள் தலைமுடியில் பஞ்சு, சோத்து டப்பாவில் பஞ்சு,
மூக்குச் சிந்தினால் பஞ்சு.
என் சேலையிலிருந்து ஒட்டியதாக்கும் என்று
ஊதினேன்.
பறக்கவில்லை.
குச்சியால் தொட்டேன்.
நடந்தது.
மாவுப்பூச்சி!
காது குடையும் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து
ராத்திரியெல்லாம்
பஞ்சைப் பஞ்சால் துடைத்தேன்.

இதெல்லாம் சரி.
கீழிலை இரண்டும் துவண்டதுதான் பிடிபடவில்லை.
பத்துத் தரம் துவைத்த காலர் போலச் சுருக்கம்.
தாகம் என்று ஒரு டம்ளர் ஊற்றினேன்.
இன்னும் துவண்டது.
இன்னொரு டம்ளர்.

தொட்டி கண்ணாடி பிளாஸ்டிக்.
செல்போன் டார்ச்சை அடியில் வைத்துப் பார்த்தேன்.
வேர் பச்சையும் இல்லை, வெள்ளியும் இல்லை.
ஊறிப்போன பீடி.
அழுத்தினால் தோல் கழன்று
உள்ளே ஒரு நூல் மட்டும்.

தண்ணி கிடைக்காத இலையும் துவளும்,
தண்ணியில் வேர் அழுகிய இலையும்
அதே மாதிரிதான் துவளும்.
எந்தத் துணியும் என்னை இப்படி ஏமாற்றியதில்லை.

ஆனால் வாரத்துக்கு ரெண்டு டம்ளர்தானே?

சென்னியப்பனுக்குச் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட்.
நான் போன பிறகு வருவார்,
நான் வருமுன் போய்விடுவார்.
ஞாயிற்றுக்கிழமை சோறு போடும்போது கேட்டேன்.
"ஏனுங்க, அந்தச் செடிக்கு ஏதாச்சும் ஊத்துறீங்களா?"
"தெனம் விடியால ஒரு சொம்பு.
சொணங்கிக் கெடந்துச்சு. நீ மறந்துட்டீன்னு நெனச்சேன்."
"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"
"எப்பச் சொல்றது?"

பழைய பேப்பரை விரித்தோம்.
அவர் செடியைப் பிடித்துக்கொண்டார்,
அந்த வாரத்து நேவி ப்ளூ நகக்கண்ணில் இன்னும் இருந்தது.
நூல் வெட்டும் கத்தரியால்
அழுகினதையெல்லாம் வெட்டினேன்.
வெட்டின இடத்தில் பிரியாணிப் பட்டையைப் பொடித்துத் தடவினேன்.
பொள்ளாச்சி மட்டைத்துண்டும் அடுப்புக்கரியும் போட்டு
மறுபடி நட்டோம்.
மிச்சம் மூணு வேர்.
பாஸ் என்றும் எழுத முடியாது, ரிஜெக்ட் என்றும்.

கீழிலை ஒன்று நேற்று மஞ்சளாகி உதிர்ந்தது.
வயசான இலை, போகட்டும்.

காலண்டர் ஆணியில் பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
புதன் கட்டத்தில் எழுதினேன்: "ஊத்தியாச்சு."
வியாழன் கட்டத்தில் அவருடைய கோணல் எழுத்து:
"நான் ஊத்தல.
தக்காளிச் சட்னி நல்லாருந்துச்சு."