ஆறே முக்கால் பட்டியல்

பூங்கா ஒன்பதுக்குத்தான் திறக்கும்.
ஆறே முக்காலுக்கு நான்
பெயர் வாசிக்கத் தொடங்கிவிடுவேன்.

உச்சிப்புளி தாண்டி சவுக்குத்தோப்பு முடிகிற இடத்தில்
பிளாஸ்டிக் திமிங்கிலம் ஒன்று வாய்பிளந்து கிடக்கிறதே,
அதன் கீழ்த்தாடையோரம் என் ஸ்டூல்.
மடியில் அட்டை, அட்டையில் தாள்,
தாள் பறக்காமலிருக்க ஒரு சிப்பி.
கச்சான் காற்றடிக்கிற மாதத்தில்
இரண்டு.

நாற்பது நாளைக்கு முன்பே
நள்ளிரவு பன்னிரண்டுக்கு விழித்திருந்து
செல்போனில் கட்டைவிரலால் பிடித்த மேசைகள்.
பரமக்குடி வேதமுத்து, ஐந்து பேர்.
கீழக்கரை ஜுமானா, பெரியவர் மூன்று, பிள்ளை நான்கு.
சாயல்குடி மாரியம்மாள்...
"மாரியம்மாள் இல்லீங்க, தங்கமாரி."
திருத்திக்கொள்கிறேன்.
அவர் மகள் தூங்கியபடியே கையை நீட்டுகிறாள்.
நீலக் கைப்பட்டையைச் சுற்றிவிடுகிறேன்.

உள்ளே பதினாறு மேசை.
இட்லி, வெண்பொங்கல், இடியாப்பம், தேங்காய்ப்பால்,
மீன் அச்சில் வார்த்த கேசரி, கண்ணுக்கு முந்திரி.
வேண்டுமட்டும் வாங்கலாம்.
யாரும் வாங்குவதில்லை.

சேர்ந்த புதிதில்
சாம்பாரில்தான் ஏதோ கோளாறென்று நினைத்தேன்.
பிறகு தெரிந்தது,
இவர்கள் பசித்து வந்தவர்களல்ல.
தலைக்கு நானூற்றைம்பது கொடுத்து வாங்கியது
ஆளில்லாத ஒரு ராட்டினம்.
கயிறு அவிழும்போது
கயிற்றுக்கு உள்பக்கம் நிற்கிற பாக்கியம்.
ஒரு கவளம் வாயில், இரு கண் வெளியில்.
"யாருமே இல்லாத மாதிரி எடு" என்று
முப்பது பேர்
முப்பது பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

போன வியாழன், பட்டியலில் கடைசிப் பெயர்
சூசைமாணிக்கம், ஒருவர்.

ஒருவர் என்று எவரும் பதிவதில்லை.
கணினியின் பிழையென்று வட்டம் போட்டு வைத்திருந்தேன்.
வந்தார்.
வாலிநோக்கத்தில் உப்பேற்றி
பாம்பனில் இறக்கிவிட்டுத் திரும்புகிறாராம்.
கால்சட்டை மடிப்பில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது உப்பு.
எல்லோரும் ராட்டினத்தைப் பார்க்க உட்கார்ந்திருக்க
அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்,
சமையற்கட்டைப் பார்த்து.

பதினொரு இடியாப்பம்.
பால் போதாமல் மறுபடி.
கேசரி மீனை வாலிலிருந்து தொடங்கி
கண் வரை, அவசரமில்லாமல்.
கரண்டியும் கையுமாகப் பூரணம் வெளியே வந்து நின்றாள்.
மூன்று மாதத்தில் அவள் அடுப்பைவிட்டு
இவ்வளவு தூரம் வந்ததில்லை.

ஒன்பதுக்குச் சங்கு ஊதியது.
நாற்காலிகள் சரிந்தன, செருப்பு ஒன்று அறுந்தது,
பாதி தின்ற பொங்கலில் ஈ உட்கார்ந்தது.
அவர் இன்னொரு காபி கேட்டார்.

"ராட்டினம் ஏறலையா?" என்றேன்.
"பன்னிரண்டு சக்கரத்துல சுத்திட்டுத்தானே வர்றேன்,
போதாதா?"

வெளியில் வரிசை திமிங்கிலத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.
அவர் ஒருவர் மட்டும்
வயிற்றிலிருந்து வாய்ப்பக்கமாக,
"கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்று சொல்லிக்கொண்டு
வெளியேறினார்.
மேசையைத் துடைக்கப் போனபோது
காபி டம்ளரின் இடுப்பில்
நீலக் கைப்பட்டை கட்டியிருந்தது.

என் தாளில் இரண்டே கட்டம்:
வந்தார். வரவில்லை.
மேலாளர் பிறகு கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"இந்த ஆள் வந்து என்னதான் செஞ்சாரு?"
"சாப்பிட்டாரு சார்."
"அது தெரியுது."

இன்றைக்குக் கச்சான்.
ராட்டினம் ஓடாதென்று ஏழு மணிக்கே
ஆபரேட்டர் கைகாட்டிவிட்டான்.
ஒன்பது வரை சொல்லக் கூடாதென்று உத்தரவு.
வேதமுத்து இட்லியைப் பிய்த்து
மணியைப் பார்க்கிறார்.
ஜுமானாவின் பிள்ளைகள் நால்வரும் கயிற்றோரம்
யார் முதலென்று சண்டை.
தங்கமாரியின் மகள் கேசரி மீனின் கண்ணை மட்டும்
தோண்டித் தின்றுவிட்டு
ஓடத் தயாராக இருக்கிறாள்.
"இன்னும் ரெண்டு வச்சுக்கங்க" என்கிறேன்
மேசை மேசையாக, காரணம் சொல்லாமல்.

இரண்டு சிப்பியையும் நகர்த்தி
நாளைய தாளை மேலே இழுக்கிறேன்.
ஐந்து பேர். நான்கு. ஏழு. இரண்டு.
விரல் கடைசி வரி வரை போய்விட்டு வருகிறது.
ஆறு.