எழுத்துக் கூலி

எழுத்துக்கு நூற்றியிருபது.
புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே கூலியோ என்றேன்.
பற்குணம் உளியை ஊதினார்.
"புள்ளிதான் அக்கா மினக்கேடு.
கை பிசகினால் கல் உதிர்ந்திடும்."

குப்பிழான் சனசமூக நிலையத்தின் பொருளாளர் நான்.
கணக்குக் கொப்பி, பற்றுச்சீட்டு, மண்டபத் திறப்பு
எல்லாம் என்னிடம்.
திறப்புவிழா தைப்பூசத்துக்கு முதல் நாள்.

கல் புதிதில்லை.
மலாயாப் பென்சன் காசில்
ஐம்பத்திரண்டாம் ஆண்டு நட்டது.
சிங்கப்பூரில், பர்மா றெயில்பாதையில்,
பெயர் தெரியாத ஒரு கப்பலில்
வெள்ளைக்காரனின் சண்டைக்குள் அகப்பட்ட
ஊரவர் ஏழு பேர்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஊர் எழும்பிப் போனது.
திரும்பி வந்தபோது
மண்டபச் சுவருக்குப் பச்சை நிறம்.
கல்லைக் காணோம்.
பிறகு கிணற்றடியில் கண்டெடுத்தோம்,
உடுப்புத் தோய்க்கிற கல்லாக,
முகங்குப்புற.
ஆர் ஆரோ அடித்துத் தோய்த்த
அத்தனை வருஷச் சவர்க்காரமும் முதுகோடு போயிற்று.
பெயர்களுக்குள் செம்மண் மட்டும்.

ஆழமாக்கி வெட்ட வேணும்.
தம்பையா மலிவு, நாலெழுத்து.
நாகமுத்துவுக்கு ஐந்து.
அருளம்பலத்துக்கு ஏழு, அதில் இரண்டு புள்ளி,
எண்ணூற்றி நாற்பது.

"இதுக்குக் கீழை?"
ஏழாம் பெயரின் கீழே
ஒரு முழம் வெறுங்கல்.
அன்றைக்கு ஏன் விட்டார்கள் என்று
கூட்டக் குறிப்பில் இல்லை.
தலைவர் மின்விசிறியைப் பார்த்தார்.
செயலாளருக்குத் தொலைபேசி வந்தது, அல்லது
வந்ததுபோல் வெளியே போனார்.

பின்னால் கதிரை அடுக்குகிற சத்தம் நின்றது.
தயாபரன்.
முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால்,
மழைக்கு முதல் கிறீச்சிடும்.
என் மனம் தன்பாட்டில் எண்ணியது:
த, யா, ப, ர, ன்.
ஐந்து. அறுநூறு ரூபாய்.
உயிரோடு நிற்கிறவனை எண்ணிவிட்டேன்.
முகம் சுட்டது.

"அதைத் தேய்ச்சு மினுக்கி விடுங்கோ அண்ணை,"
என்றான் அவன்.
"காய்கள் நிறையப் பேர் தொடுவினம்" என்று சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லவில்லை.
நாலு கதிரையை ஒன்றாய்த் தூக்கிக்கொண்டு போனான்.

விழாவுக்கு மறுநாள்
துணியோடு போனேன்.
மாலை பெயர்களின் மேலே வாடிக் கிடந்தது.
கீழே, வெறும் இடத்தில்,
எண்ணெய்ப் பிசுக்கு, திருநீறு,
விரல்கள், பாதி உள்ளங்கை,
ஒரு இடத்தில் உதட்டுத் தடமோ என்னவோ.
துணியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொப்பியில் எழுதியிருக்கிறேன்:
வெறுங்கல் மினுக்கியது, ஐந்நூறு.
கணக்காய்வாளர் பக்கத்தில் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
பற்றுச்சீட்டு இருக்கிறது.
அதை மட்டும் காட்டுவேன்.